நோயாளி நடந்த தூரம்

ஜனவரி 5, திங்கள்

டாக்டர் சொன்னது இரண்டு. நோயாளி தினமும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். நடந்ததை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

நடக்க வேண்டியவர் என் கணவர் தில்லைநாயகம். வயது அறுபத்தாறு. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எழுத வேண்டியவள் நான், கமலவேணி, அறுபத்து மூன்று. அரசு மருத்துவமனையில் முப்பத்து மூன்று வருடம் நர்ஸ். கடைசி ஏழு வருடம் ஹெட் நர்ஸ். இவருக்கு என்னைவிட நல்ல கையெழுத்துதான். ஆனால் நடக்காத வேலையை நடந்ததாக அளந்து எழுதுவதைத் துறையில் நிறையப் பார்த்தவர் என்பதால் நோட்டை அவரிடம் கொடுக்கவில்லை.

இன்று நோயாளி நடந்தது: வாசல் கேட் வரை, பேப்பர் எடுக்க. இரண்டு தடவை. முதல் தடவை பேப்பரின் இணைப்பிதழைக் கீழே விட்டுவிட்டாராம்.

ஜனவரி 7, புதன்

எழில் வந்தாள். எங்கள் ஒரே மகள். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் ஒரு வருட வேலை, இவளும் கூடப் போகிறாள். நாய் போகவில்லை. பெங்களூரிலிருந்து காரின் பின்சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து இறங்கியது. பழுப்பு நிற லாப்ரடார், ஆறு வயது, முப்பத்தெட்டு கிலோ. பெயர் மோக்கா. ஏதோ காப்பியின் பெயராம்.

"அப்பாவுக்கு நடக்க ஒரு துணை வேணும்மா. தனக்காக நடக்க மாட்டார். நாய்க்காக நடப்பார்" என்றாள்.

"மொக்கையா?" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"மோக்காப்பா."

"அதான், மொக்கை."

நாய் எழுந்து போய் அவர் காலடியில் படுத்தது. இந்த வீட்டில் கூப்பிட்டவுடன் வருகிற ஜீவன் ஒன்று வந்து சேர்ந்ததில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்.

ஜனவரி 9, வெள்ளி

எழில் விமானம் ஏறுவதற்கு முன் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். நாயுடன் நடக்க ஏற்ற பாதை எப்படி இருக்க வேண்டும் என்று: நிழல், மண் தரை, குடிக்கத் தண்ணீர், வண்டிகள் வரக் கூடாது, மற்ற நாய்கள் சிநேகமாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி உப்பனாற்றுக் கரை தொடங்குகிறது. கிள்ளைக்கு இந்தப் பக்கம், வெள்ளாற்றுக்குத் தெற்கே. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் உமரிச் செடி படர்ந்த சதுப்பு. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் கடல் தண்ணீரைத் தடுக்கும் பழைய ஷட்டர். அதைத் தாண்டினால் அலையாத்திக் காடும் உப்பங்கழியும். பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நிழல்: கருவை மரம், முள்ளோடு சேர்த்து. தண்ணீர்: ஏராளம், உப்பு. வண்டி: இல்லை, எருமைகள் உண்டு. மற்ற நாய்கள்: ஏழு. சிநேகம்: இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நோயாளி முந்நூறு மீட்டர் நடந்து, "இந்தக் கரைய நான்தான் எண்பத்தொம்பதுல உசத்தினேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஜீப்பிலேயே போய் உயர்த்தியிருக்கிறார். கரை நெடுக, எங்கள் முனையிலிருந்து எண்ணி, நூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டதும் இவர்தானாம்.

நாயின் பாதத்தில் முள். இடுக்கியால் எடுத்தேன்.

ஜனவரி 12, திங்கள்

நோயாளி: எண்ணூறு மீட்டர். நாடி 92. முணுமுணுப்பு குறைவு.

எனக்கு இடது தாடையில் வலி. கடைவாய்ப் பல்லாக இருக்கும். திரும்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. சமத்தான பல்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். கரையில் எருமைகளுக்கெல்லாம் கொம்பில் நீலப் பெயின்ட். மோக்கா அவற்றைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி நின்றது. நேற்றுச் சர்க்கரைப் பொங்கலில் நோயாளிக்கு இரண்டு கரண்டிதான் வைத்தேன். இன்று காலை பாத்திரம் நான் கழுவாமலேயே சுத்தமாக இருந்தது. நாய் மேல் பழி போட்டார். நாய் மறுக்கவில்லை.

நோயாளி: போக வர இரண்டரைக் கிலோமீட்டர். பன்னிரண்டாவது கல்லில் நாய் நின்றுவிட்டதால் நானும் ஐந்து நிமிடம் நின்றேன். ஆறு வயது நாய், கனமான உடம்பு, பாவம்.

ஜனவரி 21, புதன்

எழில் போனில் இவரிடம் பேசினாள், ஸ்பீக்கரில். "அம்மா சொல்றா, மோக்கா அடிக்கடி நின்னுடுதாமே? பெங்களூர்ல ஆறு கிலோமீட்டர் ஓடும்பா அது!"

"இங்க உப்புக் காத்தும்மா" என்றேன் நான், போனை வாங்கி.

இன்றிலிருந்து பறவை பார்க்கலாம் என்றிருக்கிறேன். கிள்ளையில் படகு விடும் இடத்தில் ஒட்டியிருந்த பறவைப் படங்களைப் போனில் பிடித்து வந்தேன். சதுப்பில் நின்றது பவளக்கால் உள்ளான். நீளமான சிவப்புக் கால். பத்தாவது கல்லருகே நின்று ஆறு நிமிடம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அழகு. வேர்வையும் அடங்கியது.

ஜனவரி 28, புதன்

நோயாளி: ஷட்டர் வரை, திரும்பவும். மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஷட்டரின் கதை, ரெகுலேட்டரின் கதை, கான்ட்ராக்டர் ஒருவர் ஜல்லிக்குப் பதில் என்ன போட்டார் என்ற கதை. மூச்சு வாங்காமல் பேசுகிறார்.

நான் ஏழாவது கல் வரை. அங்கே நத்தைக்குத்தி நாரைகள் கூட்டமாக இருந்தன. அவற்றை விட்டுவிட்டு எப்படிப் போவது? அவரும் நாயும் போய் வரும்வரை பார்த்தேன். ஒரு நாரையின் அலகு நடுவில் சரியாக மூடாது என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

நோயாளிக்காக என் பர்ஸில் வைத்திருக்கும் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைகளைச் சரிபார்த்தேன். காலாவதித் தேதி இன்னும் இருக்கிறது. வேலை செய்கிறதா என்பதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. செய்கிறது. அட்டையில் ஒன்று குறைவு.

பிப்ரவரி 4, புதன்

இன்று கரையில் சின்னபொண்ணைப் பார்த்தேன். பெயர்தான் சின்னபொண்ணு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களில் ஒருத்தி. பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். பேச வேண்டுமென்றால் கயிற்றை எடுக்க வேண்டும். அதனால் அவள் வாயைத் திறந்தால் விஷயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கரையேறி வந்து நாயின் தலையைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாயி நல்லாத்தான் இருக்குது. நீதான் வெளுத்துப் போயிருக்க."

"வெயில்."

"வெயில்ல கறுப்பாங்க. வெளுக்க மாட்டாங்க. என்னாத்துக்கு நெஞ்சத் தேச்சிக்கினே நிக்கிற?"

"வாயு" என்றேன்.

அவள் கயிற்றைத் திரும்பவும் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். படித்தவளிடம் வாதாடிப் பயனில்லை என்று நினைத்திருக்கலாம்.

வாயுதான். நேற்று மொச்சை சேர்த்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சிதம்பரத்தில் நோயாளிக்குப் பரிசோதனை. எடை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. ரத்த அழுத்தம் பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல. டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. "சார், உங்க நாய்க்குத்தான் ஃபீஸ் கொடுக்கணும்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்றார்.

"எனக்கென்ன டாக்டர்."

மேஜை மேல் பி.பி. கருவி திறந்தே இருந்தது. கையை நீட்டினால் போதும். நான் பையை எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸுக்கு இவர்கள் கொடுக்கிற மரியாதையில் ஒரு வசதி உண்டு. சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

மாடியில் இருக்கும் அந்த அறைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் இரண்டு இடத்தில் நின்று சுவரில் ஒட்டியிருந்த சர்க்கரை நோய் விளம்பரத்தைப் படித்தேன். இவரும் நின்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கூழைக்கடா. நான்காவது கல். பதினொரு நிமிடம்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று மூன்றாவது கல்லில் நான் நின்றபோது இவர் ஷட்டருக்குப் போகவில்லை. நாயின் கயிற்றைக் கல்லில் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். சதுப்பைப் பார்த்தார். அங்கே ஒரு காக்கா இருந்தது.

"என்ன பறவை?" என்றார்.

"போயிடுச்சு."

"ஜனவரில பன்னண்டாவது கல்லுல நின்ன. அப்புறம் பத்து. அப்புறம் ஏழு, நாலு. இப்ப மூணு. பறவையெல்லாம் நாளுக்கு நாள் நம்ம வீட்டுக்குக் கிட்ட வருதா வேணி?"

முப்பது வருடம் கரையை அளந்தவர். நான் அவர் நாடியை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் நான் நிற்கிற கல்லை எண்ணியிருக்கிறார்.

"மாத்திரை அட்டைல நாலு இல்ல. நான் ஒண்ணுகூடப் போட்டுக்கல."

"கீழ விழுந்திருக்கும்."

"நாலுமா?"

"உங்க மார்ச் மாசச் சோதனை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு இருந்தேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு வீட்டுல ஒரு நேரத்துல ஒரு நோயாளிதான் இருக்க முடியும். ரெண்டு பேரும் படுத்துட்டா எழுந்து கதவத் தெறக்க நாய்தான் மிச்சம்."

"நாளைக்கே போறோம்."

"நாளைக்கு வெள்ளி, கூட்டமா இருக்கும். திங்கட்கிழமை போகலாம்."

ஒப்புக்கொண்டார். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

நாய்க்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் என்று காலையில்தான் எழிலின் பட்டியலில் பார்த்தேன். கால்நடை மருத்துவமனையில் மதியம் வரை ஆகிவிட்டது. மூவரில் ஒருவருக்காவது இன்று சிகிச்சை நடந்தது.

இவர் சாப்பிடும்போது பேசவே இல்லை. "உப்பு இல்ல" என்றுகூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, புதன்

இன்னும் பேசவில்லை. நாயிடம் பேசுகிறார். "மொக்க, உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்." எனக்குக் கேட்கும்படி.

சரி. நாளைக்கு ஷட்டர் வரை நானே நடந்து காட்டுகிறேன். ஒரே மூச்சில். அதற்குப் பிறகு கல் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று பார்க்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

ஆஸ்பத்திரி. நோட்டை இவர் கொண்டுவந்து கொடுத்தார். இப்போதுதான் பேனா பிடிக்க விட்டார்கள்.

வியாழக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நான் முன்னால், இவரும் நாயும் பின்னால். எட்டாவது கல் வரை நிற்காமல் போனேன். அங்கே மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன், செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து. அப்புறம் பதின்மூன்றில் ஒன்று. ஷட்டரைத் தொட்டேன். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த தோல்வி இல்லை. கை கூப்புகிற மாதிரி ஒரு முகம். "போதும் வேணி, வா, உக்காரு" என்றார்.

அப்போதுதான் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் வற்றிய நேரம். கழியின் ஓரம் முழுக்கக் கறுப்புச் சேறு, அதில் சிவப்பு நண்டுகள் ஆயிரக்கணக்கில். பெங்களூர் நாய்க்கு நண்டைத் தெரியுமா, சேற்றைத் தெரியுமா? பத்தடி போனது. நான்கு கால்களும் உள்ளே இறங்கின. வயிறு வரை சேறு. குரைக்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தது.

இவர் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எறங்காதீங்க! ரெண்டு ஸ்டென்ட் இருக்கு உள்ள!" என்று கத்திவிட்டு நான் இறங்கினேன்.

இப்போது எழுதும்போது இதில் அறிவு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன். அன்று அது மிகச் சரியாகத் தோன்றியது. இருவரில் இதய நோயாளி அவர்தான். ஆகவே நான் இறங்குவதுதான் முறை.

முழங்கால் வரை போயிற்று. தட்டுத்தடுமாறிக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் நாய் ஒரு முன்காலை வெளியே எடுத்தது. மூன்றாவது இழுப்பில் என் நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி ஏறியது மாதிரி இருந்தது. தாடை, தோள், இடது கை, எல்லாம் வார்டில் புது நர்ஸ்களுக்கு நான் பாடம் எடுத்த அதே வரிசையில். சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன வேணி?"

"ஒண்ணுமில்ல. கால் மாட்டிக்கிச்சு" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். வாய்க்குப் பழகிவிட்டது.

அவர் என்னுடன் வாதாடவில்லை. கையைக் குவித்து வைத்துக் கழியைப் பார்த்து, "சின்னபொண்ணு! ஏ சின்னபொண்ணு!" என்று கூவினார். அந்தக் குரலை நான் கல்யாணமான இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. வாய்க்கால் திருப்பத்திலிருந்து சின்னபொண்ணும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். சேற்றின் மேல் நடக்கவில்லை. வயிற்றை வைத்துத் தவழ்ந்து வழுக்கிக்கொண்டு வந்தார்கள்.

"குந்தாத. மல்லாக்கப் படு. படுத்தா உள்ள போவ மாட்ட" என்றாள் சின்னபொண்ணு.

"நாயி…"

"நாயி தானா வந்துரும். நீ படு."

என் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்தார்கள். கரையில் போட்டதும் இவர் என் பர்ஸைத் திறந்து மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தார். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து வாய்விட்டு எண்ணினார். கட்டைவிரலால், தவறான பக்கத்தில். அங்கே நாடி கிடைக்கவே கிடைக்காது. ஆனாலும் நாற்பது வரை எண்ணினார். நான் திருத்தவில்லை.

கரை வழியாக என்னைத் தூக்கிப்போக ஆளில்லை. சின்னபொண்ணின் அண்ணன் படகைக் கொண்டுவந்தார். கழி வழியாகக் கிள்ளைக்கு இருபது நிமிடம். இவர் 108-க்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். சிக்னல் கிடைப்பதும் போவதுமாக இருக்க, "நோயாளிக்கு வயசு அறுபத்து மூணு, பொம்பள, நெஞ்சுவலி, ஆறு வாரமா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். படகில் சேறு அப்பிய நாய் என் பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. சின்னபொண்ணு என் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் கை முழுக்க இறால் வாசனை.

"வாயுன்னியே" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மார்ச் 3, செவ்வாய்

புதுச்சேரிக்கு மாற்றிவிட்டார்கள். இதய டாக்டர் எங்கள் எழிலைவிடச் சின்னவர். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டு வந்து படுக்கை ஓரத்தில் நின்றார்.

"வலி எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"ஒரு வாரமா" என்றேன்.

இவர் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வழியில்லை. டாக்டர் நின்றபடியே புரட்டினார். நிறைய நேரம்.

"நோயாளின்னு எழுதியிருக்கிறது சாரா?"

"நான்தான்" என்றார் இவர். "நடுவுல நடுவுல பறவை வரும் பாருங்க. அது அவங்க."

"ஆறு நிமிஷம் பவளக்கால் உள்ளான். பதினொரு நிமிஷம் கூழைக்கடா." டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். அடுத்த பக்கத்தில் நிறுத்திவிட்டார். "சிஸ்டர், தேதி, தூரம், ஓய்வு எடுத்த நேரம், மாத்திரை எண்ணிக்கை, எல்லாம் இருக்கு. இவ்வளவு சுத்தமான ஒரு நெஞ்சுவலிக் குறிப்ப எந்தப் பேஷண்டும் எங்கிட்ட கொடுத்ததில்ல. எழுதினவங்க இதப் படிச்சுப் பாக்கலையா?"

மூன்று குழாய்களில் அடைப்பு. ஸ்டென்ட் போதாது, பைபாஸ். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறார்களாம்.

மார்ச் 6, வெள்ளி

நாளை காலை ஆபரேஷன்.

எழில் ஞாயிறு வருகிறாள். வீடியோவில் அழுதாள். "நாய அனுப்பியிருக்கவே கூடாதும்மா" என்றாள். நாய் இல்லாவிட்டால் நான் வீட்டுக்குள்ளேயே, ஒரு கல்லும் எண்ணப்படாமல், ஒரு மதியம் முடிந்திருப்பேன் என்று அவளிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தபின் சொல்ல வேண்டும்.

சாயந்திரம் ஒப்புதல் படிவம் வந்தது. வார்டில் இந்தத் தாளை ஆயிரம் கணவர்களிடம் நீட்டியிருக்கிறேன். "இங்க கையெழுத்துப் போடுங்க" என்று விரலால் காட்டுவேன். அவர்கள் படிக்காமல் போடுவார்கள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டெண்டர் தாள் மாதிரி வரிவரியாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியை மூன்று தடவை படித்தார்.

அப்போது சொன்னேன். தீபாவளிக்கு மறுநாள் அவர் நாற்காலியில் சாய்ந்தபோது நான் நாடி பார்த்தேன். என் விரலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கை அப்படி நடுங்கியது. முப்பத்து மூன்று வருடம் பார்த்த கை. வேர்த்து வழிய, "பயப்படாத வேணி, பக்கத்து வீட்டுக் கார் இருக்கான்னு பாரு" என்று சொன்னது அவர்தான். அன்றைக்குப் பிறகு எனக்குப் பயம் என் உடம்பைப் பற்றி இல்லை. நான் படுத்துவிட்டால் இவரை யார் பார்ப்பது என்பதுகூட முழு உண்மை இல்லை. யாருக்கும் நாடி பார்க்கத் தெரியாத ஒரு கிழவியாக ஆகிவிட்டேனோ என்றுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு அன்னிக்கு உன் கை நடுங்கினது தெரியாது. நீ என் கையப் பிடிச்சிட்டிருந்தது மட்டும்தான் தெரியும்" என்றார்.

கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து.

மார்ச் 14, சனி

எழுத்து கோணலாக இருக்கிறது. உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாம். ஐசியூவில் இருந்த நாள்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எழில் இரண்டு வேளையும் வருகிறாள். நாயைச் சின்னபொண்ணு வீட்டில் விட்டிருக்கிறார்கள். அங்கே இறால் தலை தின்று ஒரு கிலோ ஏறியிருக்கிறதாம். இவர் நேற்று ஊருக்குப் போய் அதை அழைத்துக்கொண்டு ஷட்டர் வரை நடந்துவிட்டு, மதிய பஸ்ஸில் திரும்பி வந்தார். சேறு ஒட்டிய செருப்போடு வார்டுக்குள் நுழைந்து திட்டு வாங்கினார். அலையாத்தி பூத்திருக்கிறதாம். ஷட்டர் பலகை ஒன்று உடைந்திருக்கிறது, துறைக்கு மனு எழுதப்போகிறாராம்.

இன்று காலை இந்த வார்டுக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். இருபத்து மூன்று வயது இருக்கும், பெயர் ஜெபசீலி. இருமச் சொல்லி, முதுகைத் தட்டி, என்னைப் பத்தடி நடக்க வைத்து, திரும்பப் படுக்க வைத்தாள். கையில் அட்டை, பேனா.

"வலி எவ்வளவு இருக்கும்மா? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். பெண்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். பரவாயில்லம்மா என்பார்கள். நான் மூன்று என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவேன். எத்தனை மூன்றுகள் எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை.

இவர் படுக்கையின் அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தினார்.

"எட்டு" என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டாம்மா? பாத்தா அப்படித் தெரியலையே."

"பாத்தா தெரியாதும்மா. நீ எட்டுன்னே போடு."